உண்ட மாப்பொருள் உழைப்பாகும் வழி: எல்லாப்பிரகடா சுப்பாராவ் சரிதம்

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் எவரும் ஏ. ரீ. பீ. என்னும் மூன்றெழுத்தை அறியாதிரார். அடினோசீன் முப்பொசுபேற்று என்பது அதன் முழுப்பெயர். நாம் உண்ணும் சோறும் பிட்டும் கூழும் ஈற்றில் இப்பொருளின் வடிவிலேதான் தசைக்கும் மூளைக்கும் சக்தியாகின்றன. விடைத்தாள்களில் இதனை நூறுமுறை எழுதித் தேறிய நம் பழைய மாணவரிடம், இப்பொருளைத் தசையினின்றும் முதன்முதலிற் பிரித்துக் கண்டவருள் ஒருவர் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிற் படித்தவர் என்று கூறின், பெரும்பாலார் வியப்புறுவர். அங்கே அவர் மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார் என்பதையும் சேர்த்துக் கூறினால் நம் கல்லூரிப் பிள்ளைகளுட் சிலர் மகிழ்ச்சியும் எய்தக்கூடும்.

தீவகத்துக் கல்லூரி மலரில் ஆந்திர நாட்டார் ஒருவரின் சரிதம் எதற்கு என வினவுவாரும் உளர். ஒடியற்கூழும் பனங்கட்டியும் உண்டு வளர்ந்த நமக்கு, அவ்வுணவு உடலினுள் யாதாகின்றது என்பதை ஆராய்ந்தவர் அயலார் அல்லர் என்பதே எமது விடை.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் இறைவரிப் பரிசோதகராய்ப் பணியாற்றியவர். நோயுற்றமையால் வருவாய் குன்றி, குடும்பம் வறுமையில் வாடிற்று. தாயார் வெங்கம்மா கண்டிப்பு மிக்கவர். பதின்மூன்று வயதளவிற் பிள்ளை, காசியிலே யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என எண்ணி வீட்டைவிட்டு ஓடினார். தாயார் விடவில்லை, மீட்டுக் கொணர்ந்து மறுபடியும் பள்ளியில் இருத்தினார். அன்று அவ்வம்மையார் சற்றே அயர்ந்திருப்பின் காசியிலே ஒரு பழவியாபாரி கூடியிருப்பார். உயிர் இரசாயனம் ஒரு மேதையை இழந்திருக்கும்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்றபோது அவர் மனம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண மடத்தில் சேர முயன்றார். தாயாரின் சம்மதம் வேண்டும் என்றனர் மடத்தார், தாயார் மறுத்தார். துறவு கைகூடாவிடினும் தொண்டு கைகூடும் என்று சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார். காந்தியடிகள் அந்நிய துணியை விலக்குமாறு அறைகூவிய காலம் அது. சுப்பாராவ் சத்திரசிகிச்சை வகுப்பிலும் கதர் அங்கியே அணிந்து நின்றார். அப்பாடத்தின் ஆங்கிலப் பேராசிரியர் பிராட்பீல்ட் அதனைப் பொறுத்திலர். எழுத்துப் பரீட்சைகளை நன்கு செய்திருந்தும் எம். பி. பி. எஸ். பட்டம் கிட்டாது போயிற்று. அதனிற் குறைந்த எல். எம். எஸ். என்னும் தகுதியே வழங்கப்பெற்றது. அத்தகுதியுடன் அரசாங்க மருத்துவ சேவையில் இடம்பெற முயன்று தோற்று, சென்னையில் டாக்டர் ஆசண்ட இலட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையே அவர் வாழ்வைத் திருப்பிய துயரொன்று நிகழ்ந்தது. தமையனார் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாட்கள் இடைவெளியில் ஒரே நோயால் மாண்டனர். ஸ்புரூ என்பது அந்நோய். சுப்பாராவையும் அது பற்றியது. இலட்சுமிபதி அவர்களின் வைத்தியத்தால் அவர் பிழைத்தார். அந்நாளில் வெள்ளைக்கார மருத்துவர்கள் இதனை இலங்கை வாய்ப்புண் என்றும் வழங்கினர்; நம் தீவின் பெயர் ஒரு நோய்க்குப் பெயராயமைந்தது நமக்குப் பெருமையன்று. நாவும் வாயும் புண்ணாகும். ஓயாது வயிறு போகும். உண்டவன் மெலிந்துகொண்டே போவான். காரணம் யாதெனில், சிறுகுடலின் உட்சுவரிலே பட்டின் மயிர்போல் அடர்ந்திருக்கும் சடைமுளைகள் இந்நோயாற் சிதைகின்றன. மாப்பொருள் எத்துணை உண்டாலும் அது எளிய வெல்லமாக உடைந்து அச்சடைமுளைகளின் வழியே குருதியிற் புகுந்தாலன்றிப் பயனில்லை. சோறு நிறைந்த வயிற்றோடு ஒருவன் பட்டினியால் இறப்பதைத் தம் வீட்டிலேயே கண்டவர் சுப்பாராவ். உணவு உடலில் என்னாகிறது என்ற வினா அவருக்கு ஏட்டுவினாவாக இருந்ததில்லை.

1919இல் அவர் திருமணம் நிகழ்ந்தது. மாமனார் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி மருத்துவக் கல்விக்கே பொருளுதவியவர்; மேல்நாட்டுப் பயணத்துக்கும் அவர் உதவினார். 1922ஆம் ஆண்டு ஒக்டோபரில் சுப்பாராவ் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை அடைந்தார். ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் அயனமண்டல மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார், உதவித்தொகை இல்லை. பகலிற் படிப்பு, இரவிலே வைத்தியசாலையொன்றில் நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வைக்கும் கூலிவேலை. ஒரு வைத்தியர் இவ்வேலை செய்தார் என்பதை வாசிக்கும்போது எமக்கு நெஞ்சு கனக்கிறது. அவருக்குக் கனத்ததாகத் தெரியவில்லை.

பட்டயம் பெற்றபின் ஹார்வாட் மருத்துவக் கல்லூரியின் உயிர் இரசாயனப் பகுதியில், சைரஸ் ஃபிஸ்க் என்பாரின் கீழ் அமர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் பொசுபரசு எவ்வளவு உண்டென்று விரைவாகவும் திருத்தமாகவும் அளக்கும் முறையொன்றை இருவரும் வகுத்து 1925இல் வெளியிட்டனர். பொசுபேற்று உள்ள கரைசலில் மொலிப்தேற்றைச் சேர்த்துத் தாழ்த்தினால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் ஆழத்தைக்கொண்டு பொசுபரசின் அளவை அறியலாம். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயருடன் அது உலகின் ஆய்வுகூடங்களிற் பரவிப் பல தலைமுறை மாணவர்க்குப் பாடமாயிற்று.

இம்முறை கைக்கு வந்ததும் இருவரும் தசையை ஆராயப் புகுந்தனர். அவர்கள் கண்டதன் அருமையை உணரவேண்டின், காபோவைதரேற்றுக்கள் எனப்படும் பொருள்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. வளவில் நிற்கும் ஒரு பனையே போதும்.

சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் வெல்லம் உண்டு. அது பெரும்பாலும் சுக்குரோசு. குளுக்கோசு, புறற்றோசு என்னும் இரு எளிய வெல்லங்கள் கைகோத்தது. சுண்ணாம்பின்றி விட்டால் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து கள்ளாக்கும். அவையும் வெல்லத்தை உண்டு உயிர்வாழ்பவையே. கருப்பநீரைக் காய்ச்சி வற்றவிட்டால் குட்டானில் வார்க்கும் பனங்கட்டி கிடைக்கின்றது. இவை எளிதிற் கரைந்து விரைவிற் குருதியைச் சேர்வன. நுங்கு வேறு வகை. மனோசு, கலற்றோசு என்னும் வெல்லங்கள் நீண்ட சங்கிலியாகப் பின்னி, நீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ் அது. முற்றிய கொட்டையினுள்ளே அதுவே மனோசுச் சங்கிலியாய் இறுகிக் கல்லாகிறது. அக்கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் உள்ளே பூரான் வளர்கிறது. பூரானைத் தின்னும் பிள்ளைகள் அது செய்யும் வேலையை அறியார்: நொதியங்களைச் சுரந்து, கல்லான அச்சேமிப்பைக் கரைத்து எளிய வெல்லமாக்கி முளைக்கு அனுப்புவது அதுவே. முளை அதனை மறுபடியும் கோத்து மாப்பொருளாக்கித் தன்னிடத்தே நிறைக்கின்றது. அதனையே நாம் கிழங்கென்று கிண்டி எடுத்து, பச்சையாய்ப் பிளந்துலர்த்தி ஒடியலும், அவித்துலர்த்திப் புழுக்கொடியலும் ஆக்குகின்றோம்.

மாப்பொருள் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகளின் கோவை. பனையின் ஓலையிலும் நாரிலும் உள்ள செலுலோசும் குளுக்கோசின் கோவையே; கோத்த முடிச்சில் மட்டுமே வேறுபாடு. முதலாவது முடிச்சை அவிழ்க்கும் நொதியம் நம் உமிழ்நீரிலேயே உண்டு. புழுக்கொடியலை நெடுநேரம் மென்றால் இனிப்பதும் அதனாலேயே. இரண்டாவது முடிச்சை அவிழ்க்கும் நொதியம் நம்மிடம் இல்லை. நெடுந்தீவிலே கட்டாக்காலிகளாய்த் திரியும் குதிரைகளுக்கும் தம்முடையதாய் அந்நொதியம் இல்லை. ஆயினும் அவற்றின் பெருங்குடற் பகுதிகளிற் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்து கொடுப்பதால், கோடை வெயிலிற் காய்ந்து கிடக்கும் புல்லிலும் அவை உயிர் தாங்குகின்றன.

வெல்லத்தை ஏன் கோத்து வைக்கவேண்டும், வெல்லமாகவே வைத்தாலென்ன என்று கேட்கலாம். சீனி நீரை இழுக்கும். ஆயிரம் தனி மூலக்கூறுகள் கலத்தினுள் இருப்பின் அவை இழுக்கும் நீரால் கலம் வீங்கிச் சிதையும். அவ்வாயிரமும் ஒரு கோவையானால் இழுப்பது ஏறத்தாழ ஒரு மூலக்கூற்றின் அளவே. ஆகவே மரம் மாப்பொருளாக வைக்கிறது. விலங்கு கிளைக்கோசனாக வைக்கிறது. ஈரலிற் கிளைக்கோசன் உண்டென்பதைப் பிரான்சிய அறிஞர் குளோட் பேர்ணாட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற் கண்டார். நன்கு உண்ட ஒருவரின் ஈரலில் நூறு கிராம் அளவும், தசைகள் அனைத்திலும் சேர்த்து நானூறு கிராம் அளவும் அது இருக்கும். மூளை மட்டும் நாளொன்றுக்கு நூற்றிருபது கிராம் குளுக்கோசை வேண்டுகிறது. பட்டினி கிடப்பவனின் ஈரற் கையிருப்பு ஒரு நாளளவிலே தீர்ந்துபோவதை இக்கணக்கே காட்டும்.

இனி, தசையிலுள்ள கிளைக்கோசன் எவ்வாறு அசைவாகின்றது? 1920களில் அறிஞர் உலகம் ஏற்றிருந்த விடை ஒன்று இருந்தது. கிளைக்கோசன் உடைந்து இலற்றிக்கமிலம் ஆகும்போது, அவ்வமிலமே தசையைச் சுருங்கச் செய்கிறது என்பது அது. ஆங்கிலேயர் ஹில், ஜேர்மானியர் மயர்ஹொஃப் ஆகிய இருவர் தசை ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றிருந்தனர். அவர்கள் கொள்கையை மறுப்பது எளிதன்று.

ஃபிஸ்கும் சுப்பாராவும் மறுப்பதற்காகத் தொடங்கவில்லை. தசைச் சாற்றில் பொசுபேற்றை அளந்தபோது நீலநிறம் உடனே முழுமையாகத் தோன்றாது, நேரம் செல்லச் செல்ல ஆழ்ந்துகொண்டே போயிற்று. அளவையிற் பிழை என்று ஒதுக்கிவிட வேறொருவர் துணிந்திருப்பர். இவர்களோ, நிறம் தாமதிப்பதற்குக் காரணம், அமிலத்தில் மெல்ல உடைந்து பொசுபேற்றை விடுவிக்கும் ஏதோவொரு பொருள் சாற்றிலே மறைந்திருப்பதே என்று கொண்டு தேடினர். 1927இல் அப்பொருள் வெளிப்பட்டது: பொசுபோகிரியேற்றின். தசை உழைக்கும்போது அது குறைகிறது. ஓயும்போது மீள நிறைகிறது. பிரித்தானியாவில் எக்கிள்ற்றன் தம்பதியரும் அதே ஆண்டில் இதன் தடத்தைக் கண்டனர். 1929இல் மற்றப் பொருளாகிய ஏ. ரீ. பீ. வெளிப்பட்டது, ஜேர்மனியில் கார்ல் லோமான் என்பாரும் அவ்வாண்டிலேயே தனித்து அதனைக் கண்டார். அடுத்த ஆண்டில் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கோர், ஒரு நஞ்சினால் இலற்றிக்கமிலம் உண்டாகாது தடுத்த தசையும் சிறிது நேரம் சுருங்கக் காட்டினார். அச்சுருக்கத்திற் செலவானது பொசுபோகிரியேற்றின். பழைய கொள்கை சரிந்தது.

இன்று நாம் அறிவது இது. தசை நேரே செலவிடும் நாணயம் ஏ. ரீ. பீ. ஒன்றே. அது சொற்ப அளவிலேயே கையிருப்பில் உண்டு. ஆனால் கணந்தோறும் உடைந்தும் கூடியும், ஒரு நாளில் ஏறத்தாழ உடல் நிறையளவுக்குச் சுழல்கின்றது. பனையில் ஏறும் சீவல் தொழிலாளி முதலில் எம்பிப் பற்றும் சில வினாடிகளுக்குப் பொசுபோகிரியேற்றினே அதனை உடனுக்குடன் புதுப்பிக்கும். பாதி மரத்தில் அது தளர, கிளைக்கோசன் உடைந்து கைகொடுக்கும். ஒட்சிசனின்றி உடையும் ஒரு குளுக்கோசு இரண்டே இரண்டு ஏ. ரீ. பீ. தரும். முன்னாளிற் கடல்வழி மணிக்கணக்காய்த் தண்டு வலித்தவரின் தசையிலோ, மூச்சிழுத்த ஒட்சிசனோடு அதே குளுக்கோசு முற்றாக எரிந்து முப்பது அளவில் தந்தது. கூழ் குடித்தவர் தாங்கி உழைத்தார் என்று நம் முதியோர் சொல்வதில் உண்மையில்லாமற் போகவில்லை.

இத்துணை பெரும் ஆய்வுக்குப் பின்னரும் ஹார்வாட் சுப்பாராவுக்கு நிரந்தர ஆசிரியர் பதவி அளித்ததில்லை. 1930இல் கலாநிதிப் பட்டம் மட்டும் கிடைத்தது. கட்டுரைகளில் ஃபிஸ்கின் பெயரே முன்னின்றது. அந்த ஆய்வுகூடத்திலே பயின்று பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராதுபோய், பல ஆண்டு கழித்துப் பிறராற் கண்டுபிடிக்கப்பட நேர்ந்தது என்று கூறியிருக்கிறார். சுப்பாராவோ தம் உரிமையைக் கோரி வாதாடும் இயல்பினர் அல்லர். அவ்வடக்கத்தைப் புகழ்வோர் பலர். அதனை முழுவதும் புகழ எமக்கு மனம் வரவில்லை. அடங்கியிருப்பவனின் உழைப்பை மற்றவர் எடுத்துக்கொள்வது நம் அலுவலகங்களிலும் காணாத காட்சியன்று.

1940இல் அவர் ஹார்வாட்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்துப் பேர்ல் றிவரில் இருந்த லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்து, பின் அதன் ஆராய்ச்சிக்குத் தலைவருமானார். அங்கே எட்டாண்டுகளில் அவர் வழிகாட்டியவை தனி நூலுக்கு உரியன. இங்கே சிலவற்றை மட்டும் தொடுவோம். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூவை அவர் மறந்தாரல்லர். ஈரலில் அருகிக் கிடக்கும் போலிக்கமிலம் என்னும் விற்றமினைத் தேடி, 1945இல் அவருடைய குழுவினர் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். ஸ்புரூ நோயாளரின் குருதிச்சோகை அதனால் நீங்கிற்று. சோதரர் இருவர்க்கும் அது கால் நூற்றாண்டுக்கு மேல் தாமதித்து வந்த மருந்து. அவ்விற்றமினின் உருவத்தைச் சற்றே மாற்றி ஆக்கிய அமினோப்ரெரின் என்னும் மருந்தைப் பொஸ்ரன் வைத்தியர் சிட்னி ஃபாபர் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, சிலரிடத்தில் நோய் தற்காலிகமாய்த் தணிந்தது. 1948இல் அச்செய்தி வெளிவந்தது. புற்றுநோய்க்கு மருந்தால் வைத்தியம் செய்யும் துறை அதனால் ஊக்கம் பெற்றது. அவ்வாண்டிலேயே டக்கர் என்னும் முதிய தாவரவியலார் அக்கூடத்திற் கண்ட ஓரியோமைசினும் வெளிவந்தது.

யானைக்கால் நோய்க்குரிய ஹெற்றசான் 1947இல் அங்கிருந்து வந்தது. டைஎதைல்காபமசீன் என்பது அதன் இரசாயனப் பெயர். இலங்கையின் மேற்குத் தெற்குக் கரையோரங்களில் நெடுங்காலம் நிலவிய அந்நோய்க்கு எதிராக அரசாங்கம் வீடுவீடாகக் கொடுத்த மாத்திரைகளுள் ஒன்று இதுவே. நம் நாட்டில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருப்பது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஐம்பத்துமூன்றாம் வயதில், சுப்பாராவ் பேர்ல் றிவரிலுள்ள தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார், இதயம் நின்றுபோயிற்று. 1922இற் புறப்பட்டவர் தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பியதில்லை. மனைவியார் சேஷகிரி அம்மையார் இந்தியாவிலேயே இருந்தார். இருவரும் மீளச் சந்தித்ததில்லை. ஆராய்ச்சி முடியட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. உலகத்தார்க்கு அவர் செய்ததை எழுதும் கை, அந்த அம்மையார் காத்திருந்ததையும் எழுதாது விட்டால் சரிதம் நிறைவுறாது.

1953இல் புதிதாய்க் கண்ட பங்கசு ஒன்றுக்குச் சுப்பாரோமைசீசு என்று அவர் பெயரை இட்டனர். இந்திய அரசு அவருடைய நூற்றாண்டாகிய 1995இல் தபால் முத்திரை வெளியிட்டது. நம் கல்லூரி உயிரியல் ஆய்வுகூடச் சுவரில் அறிஞர் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பழைய மாணவர் சங்கத்தார் இப்பொன்னான ஆண்டில் அவ்வரிசையில் இன்னொரு படத்துக்கு இடம் செய்யலாம். சட்டம் போடும் செலவு பெரிதன்று.